பிழையில்லை

ரஞ்சினிக்குக் கிடைக்கவிருந்த வேலையைக் கெடுத்தவன் நான். ஒரே ஒரு சொல்லால் கெடுத்தேன். அந்தச் சொல் பொய்யும் அல்ல... அதுதான் இத்தனை நாளும் எனக்கு வசதியாக இருந்தது.

பத்திரிகையில் பல வருடங்கள் பிழை திருத்துபவனாக இருந்தேன். அதை விட்ட பிறகு, திருகோணமலை உள்துறைமுகத்தைப் பார்த்தபடி நிற்கும் ஒரு முதியோர் இல்லத்துக்குப் பொறுப்பாளனானேன். பராமரிப்பாளர்களைத் தேடி எடுப்பதும் பழக்குவதும் என் வேலை.

என்ன வேலை அது, தெரியுமா உங்களுக்கு? பத்துப் பேர் வருவார்கள். மலசல வேலையும் உண்டு என்றதும் பாதிப் பேர் எழுந்துவிடுவார்கள். மிஞ்சியவர்களுக்குச் சொல்லிக் கொடுப்பேன்: படுத்திருப்பவரை எப்படிப் புரட்டுவது, விழுங்கி முடிக்கும்வரை அடுத்த கரண்டியை எப்படிப் பொறுத்துப் பிடித்திருப்பது. பழகி முடிந்ததும் வெளிநாடு போகக் கடவுச்சீட்டோடு வந்து நிற்பார்கள். சிரித்து வாழ்த்துவேன். உள்ளே பற்றியெரியும்! மறுநாள் மறுபடியும் முதல் பாடம்...

ரஞ்சினி கிளிவெட்டியிலிருந்து வந்தவர். மூன்று வருடமாக எங்களிடம் வேலைக்கு நின்றார். மரியாம்பிள்ளை என்றொரு முதியவர், துறைமுகத்தில் பாரந்தூக்கி ஓட்டியவர், பாரிசவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்தபின் ஊட்டுபவரின் முகத்திலேயே துப்புவார். ரஞ்சினியிடம் மட்டும் வாயாடுவார்.

"இது சோறோ, தண்டனையோ?"

"ரெண்டும்தான் அப்பு. முதல்ல சோறு, பிறகு குளிப்பு."

அவர் சிரிப்பார். அந்தச் சிரிப்புக்குள் கரண்டி போய்விடும். இதை நானா கற்பித்தேன்? இல்லை.

கொழும்பில் பெரிய முதியோர் இல்லமொன்றில் ரஞ்சினிக்கு வேலை வாய்த்தது. தங்குவதற்கு அறையும் உண்டு. உறவினர் வீட்டில் ஒதுங்கிப் படித்துக்கொண்டிருந்த மகளைத் தன்னோடு வைத்துக்கொள்ளலாம்.

"விசாரிக்கிறதுக்கு உங்கட பேரைத்தான் குடுத்தனான் சேர். நீங்கள் சொன்னா எடுப்பினம்."

அழைப்பு ஒரு காலையில் வந்தது. மறுமுனையில் ஒரு பெண். "ரஞ்சினி எப்பிடி வேலை?" என்று கேட்டார். யன்னலுக்கு வெளியே ரஞ்சினி மரியாம்பிள்ளையின் தாடையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

இவர் போனால் அந்த மனிதருக்கு யார் ஊட்டுவது? அப்படித்தான் நினைத்தேன் என்று எழுதலாம்... ஆனால் அது முழு உண்மையல்ல. மறுபடியும் பத்துப் பேரை வரவழைத்து முதல் பாடத்தைத் தொடங்க எனக்குச் சலிப்பாக இருந்தது. அவ்வளவுதான்!

"பிழையில்லை..." என்றேன். கடைசி எழுத்தைச் சற்றே இழுத்தேன்.

"சரி, விளங்குது" என்றார் அந்தப் பெண்.

அச்சுக்குப் போகும் பக்கத்தின் அடியில் தினமும் நான் எழுதிய சொல் அது. தாளில் அதற்கு நிறைவு என்று பொருள். ஆளைப் பற்றி இழுத்துச் சொன்னால் 'ஏதோ பரவாயில்லை, அவ்வளவுதான்' என்று பொருள்; எங்கள் ஊரில் அது யாருக்குத் தெரியாது? சொற்களை நிறுத்துப் பார்த்தே வாழ்ந்தவன் நான். தெரிந்தேதான் சொன்னேன்!

ரஞ்சினி ஓடி வந்தார். "அவையோ சேர் கோல் எடுத்தது?"

"ஓம். நல்லாத்தான் சொன்னனான்."

இது பொய். சுத்தமான பொய்.

இரண்டு கிழமை கழித்து அவரே வந்து சொன்னார்: "வேற ஆளை எடுத்திட்டினமாம் சேர். என்ர இங்கிலீசு காணாதாக்கும். நீங்கள் எவ்வளவு சொல்லியும்..." என்னைச் சமாதானப்படுத்துவதுபோல இருந்தது அந்தக் குரல்.

நான் என்ன செய்தேன்? புதியவர்களைப் பழக்கும் பொறுப்பை அவரிடம் கொடுத்தேன். அதற்குப் பதவி உயர்வு என்று பெயரும் வைத்தேன். மகள் இன்னும் அந்த உறவினர் வீட்டில்தான் இருக்கிறாள்.

சென்ற வாரம், புதிதாகச் சேர்ந்த ஒருத்தியின் மதிப்பீட்டுத் தாளோடு ரஞ்சினி என் மேசைக்கு வந்தார்.

"இவவுக்கு 'நல்லம்' எண்டு போடேலாது சேர், ஊட்டேக்க அவசரப்படுறா. 'பிழையில்லை' எண்டு எழுதட்டோ?"

"அதை எழுதாதேங்கோ!" குரல் உயர்ந்துவிட்டது.

"ஏன் சேர்? நல்ல சொல்தானே?"

அவரது பேனை தாளுக்கு மேலே நின்றது. சொல்லியிருக்கலாம். அந்தக் கணத்தில் எல்லாவற்றையும் சொல்லியிருக்கலாம்...

"ஓம்... நல்ல சொல்தான்" என்றேன்.

ரஞ்சினி எழுதினார். தாளை என் பக்கம் திருப்பினார். அந்தச் சொல்லுக்குக் கீழே நான் கையொப்பமிட்டேன்.