மிஷின் ஓடாத மதியங்கள்

தச்சநல்லூரில் எங்கள் வீட்டுப் பின்கட்டுக்குக் குடிவந்த தையல்கார அக்காவை முதல் வாரத்திலிருந்தே எனக்குப் பிடிக்கவில்லை. தொண்ணூறுகளின் நடுவில், பாளையங்கோட்டையில் ஓர் அரசு அலுவலகத்தில் தட்டச்சராக இருந்தேன். அரைநாள் விடுப்பில் வீட்டுக்கு வந்தால் அவள் கதவு சாத்தியிருக்கும். உள்ளே பெண்களின் தணிந்த பேச்சு கேட்கும். தையல் மிஷின் சத்தம் கேட்காது. வருகிறவர்கள் கையில் துணியும் இருக்காது. ஒருத்தி கண்ணைத் துடைத்தபடி போனதையும் பார்த்தேன்.

“இவ தைக்க வந்தவ மாதிரி தெரியல. பொம்பளைகள எங்கனயோ கூட்டிட்டுப் போறா,” என்றாள் அம்மா. அவள் சொல்லாமல் விட்டதை நான் மனதுக்குள் முடித்துக்கொண்டேன்.

ஒருநாள் அந்த அறையிலிருந்து என் அண்ணன் மனைவி வெளியே வந்தாள்.

“எங்க மதினி போயிட்டு வாரிய?”

“ஜாக்கெட்டுக்கு அளவு குடுக்கப் போனேன்.”

அளவு ஜாக்கெட் எதுவும் அவள் கையில் இல்லை.

மறுவாரம், அம்பாசமுத்திரத்தில் தன் அம்மாவைப் பார்த்துவிட்டு வருவதாகச் சொல்லிக் கிளம்பினாள். நான் அலுவலகம் போக நிறுத்தத்துக்கு வந்தபோது, அவளும் தையல்கார அக்காவும் பாளையங்கோட்டை டவுன்பஸ்ஸில் ஏறிக்கொண்டிருந்தார்கள். நான் பெண்கள் ஏறும் முன்வாசலை விட்டு, பின்வாசலில் ஏறி, ஆண்களுக்கு நடுவே மறைந்து நின்றேன். இறங்கியவர்கள் நேராக மகளிர் காவல் நிலையத்துக்குள் போனார்கள். மதினி எதில் மாட்டிக்கொண்டாளோ என்று பதறி, வாசல்வரை போனேன். அவள் குரல் கேட்டது.

“ஸ்டவ் வெடிக்கல. ‘ஊத்தாதீய அத்தை’ன்னு அந்தப் பிள்ள கத்துனத மாடியில நின்னு என் காதால கேட்டேன்.”

அதற்கு முந்தின மாதம்தான் எங்கள் எதிர்வீட்டு மருமகள் தீயில் கருகிச் செத்துப்போனாள். ஸ்டவ் வெடித்ததென்று தெருவே சொன்னது. அன்று காலை தலை உலர்த்த நானும் மாடியில் நின்றேன். எனக்கும் அந்தச் சத்தம் கேட்டது. தப்பாகக் கேட்டிருப்பேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, ஒருவரிடமும் வாய் திறக்காமல் இருந்திருந்தேன்.

தையல்கார அக்கா திரும்பிப் பார்த்தாள்.

“உள்ள வாட்டி. நீயும் மாடியில நின்னேன்னு ஒங்க மதினி சொன்னா. ஒன்ட்ட கேக்கத்தான் பயம். வீட்டுல சொல்லிக் காரியத்தக் கெடுத்திருவியோன்னு நெனச்சோம்.”

அவர்களும் என்னைச் சந்தேகப்பட்டிருக்கிறார்கள். எனக்குக் கோபம் வரவில்லை, வெட்கம்தான் வந்தது. கேட்டதைச் சொல்லி, மதினியின் கையெழுத்துக்குக் கீழே நானும் போட்டேன்.

எதிர்வீட்டு மாமியாரும் மகனும் கைதானார்கள். அண்ணன் மூன்று மாதம் எங்கள் இருவரோடும் பேசவில்லை. அம்மா அந்த அக்காவை ஒரே வாரத்தில் காலிசெய்ய வைத்தாள். அவள் டவுனில் வேறு அறை பிடித்தாள். நான் சனிக்கிழமைகளில் அங்கே போய், வந்து அழுகிற பெண்கள் சொல்லச் சொல்ல மனுக்களைத் தட்டச்சு செய்து கொடுக்க ஆரம்பித்தேன்.