கழுவிய கதவில் உப்பு

மரக்காணம் முகத்துவாரத்தில் அலை மோதும் இரும்பு மதகுக் கதவைக் கரையேற்றித் துருத்தடுப்புப் பூச்சு அடிப்பது, நான் தனியாக மேற்பார்த்த முதல் வேலை. பன்னிரண்டு படிகள் கொண்ட பட்டியல் எழுதி மேஸ்திரி ஏழுமலையிடம் கொடுத்திருந்தேன். மூன்றாவது படி: துரு நீக்கியபின் தண்ணீரால் கழுவவும். அதற்கு அவர் டிக் போட்டிருந்தார்.

பெயிண்ட் கலக்கும் முன் கதவைத் தடவித் தூசி இருக்கிறதா என்று பார்த்தேன். அதே கையால், அவர் நீட்டிய கொய்யாத் துண்டை வாங்கிக் கடித்தேன்.

"உப்பு தூக்கலா இருக்குது மேஸ்திரி."

"உப்பே போடலியேம்மா!"

சந்தேகம் வந்து கதவை மறுபடி தடவி, விரலை நக்கினேன். உப்பேதான்.

"பசிச்சா இன்னொரு துண்டு கேளுங்கம்மா. கதவ எதுக்கு நக்குறீங்க?"

"எந்தத் தண்ணில கழுவுனீங்க?"

உப்பளத்துக்குப் போகும் வாய்க்காலைக் காட்டினார். "அதுலதான் மோட்டர் போட்டு அடிச்சோம். நீங்க தண்ணின்னுதானே எழுதியிருந்தீங்க?"

அவர் மேல் தப்பில்லை. உப்பின் மேல் அடித்திருந்தால் பூச்சு சில மாதங்களில் கொப்பளித்து உரிந்திருக்கும்; முதல் வேலையிலேயே என் பெயரும் போயிருக்கும். டேங்கர் லாரி வரவழைத்துக் கழுவி, காயவைத்து, மறுபடி தேய்த்து, மறுநாள்தான் அடித்தோம்.

இப்போது 'குடிதண்ணீரால் கழுவவும்' என்று எழுதுகிறேன். கழுவும் முன் மேஸ்திரி அதில் ஒரு டம்ளர் குடித்துக் காட்ட வேண்டும். ஏழுமலை தாகமில்லை என்று சொல்லிப் பார்க்கிறார். நான் விடுவதில்லை.

– நிவேதா, கீழ்புத்துப்பட்டு