சிமெல் கொடுத்த பத்து வருஷம்

பொதோலியாவில் யூதர்கள் வாழ்ந்த ஒரு சின்ன ஊர். அங்கே வீடு வீடாகத் தண்ணீர் சுமந்தவன் சிமெல். அவன் மனைவி கிரைனா கூலிக்கு வாத்து இறகு பிடுங்குபவள். எழுத்தறியாதவன் முனகும் பாட்டும் கடவுளுக்குப் போய்ச் சேரும் என்று ஊரின் குருவான ரெப்பே ஃபைவிஷ் சொன்ன நாளிலிருந்து, சிமெல் வாளிகளோடு பாடிக்கொண்டே நடந்தான்.

ஒரு குளிர்காலத்தில் ரெப்பே படுத்த படுக்கையானார். குரு அப்படி ஆனால் ஊரார் ஆளாளுக்குத் தங்கள் ஆயுளிலிருந்து கொஞ்சம் எழுதிக் கொடுப்பது வழக்கம். அது அவர் ஆயுளில் சேரும் என்பது நம்பிக்கை. ஜெபக்கூடத்துப் பணியாள் லெமெல் தாளோடு வாசல் வாசலாக ஏறினார்.

"கசாப்புக்காரர் யோம் கிப்பூர் நோன்பு நாளைக் கொடுத்திருக்கார். அன்னைக்கு எப்படியும் பட்டினிதானாம்," என்று அலுத்துக்கொண்டார். "மர வியாபாரி ஒரு மாசம். நீ எவ்வளவுப்பா?"

"ஒரு வாரம்..." என்று இழுத்தான் சிமெல்.

அடுப்படியிலிருந்து கிரைனா குரல் கொடுத்தாள். "வாரமா? கேக்கவே வெக்கமா இருக்கு. பத்து வருஷம்னு எழுதுங்க, லெமெல் ஐயா. காளை மாதிரி இருக்காரு. அவ்வளவு ஆயுளை வச்சுக்கிட்டு என்ன கிழிக்கப் போறாரு?"

சிமெல் சிரித்தான். "வீட்டுல சொல்லியாச்சு. எழுதிக்குங்க."

வசந்தத்தில், பஸ்கா பண்டிகைக்கு முன்னால் ரெப்பே எழுந்து உட்கார்ந்தார். அதே வாரம் சிமெல் காய்ச்சலில் கண்ணை மூடினான்.

ஏழு நாள் துக்கம் முடிந்ததும் கிரைனா ரெப்பே முன் போய் நின்றாள். "விளையாட்டுக்குச் சொன்னேன், ரெப்பே. திருப்பிக் கொடுத்திடுங்க."

"வழி தெரிஞ்சா இப்பவே கொடுத்துடுவேன் தாயி," என்றார் ரெப்பே.

அதன்பின் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அவரே அவள் வீட்டுக்குத் தண்ணீர் சுமந்தார். வழியிலேயே பாதி சிந்திவிடும். மிச்சத்தை அவள் வாங்கி ஊற்றிக்கொள்வாள்.

நாலு வருஷம் கழித்து ரெப்பே இறந்தார். ஊரே ஆயுளைக் கொடுத்துக் காப்பாற்றிய கதையைச் சொல்லி, எங்கெங்கிருந்தோ வந்தவர்கள் அவர் கல்லறையில் அழுதார்கள். எழுதத் தெரியாதவர்கள் கல்லறையில் வைக்கும் வேண்டுதல்களை லெமெல் தாளில் எழுதிக் கொடுத்தார்.

"உனக்கு என்ன எழுதணும், கிரைனா?"

"நாங்க கொடுத்தது பத்து வருஷம், அவர் வாழ்ந்தது நாலு. மிச்சம் ஆறு எங்கேன்னு எழுதுங்க."

"அப்படியெல்லாம் கேக்கக் கூடாதும்மா."

"அன்னைக்கு நான் சொன்னதும் எழுதினீங்கள்ல?"

லெமெல் குனிந்து எழுதினார்.

அதற்குப் பிறகும் அவள் பதினேழு வருஷம் உயிரோடு இருந்தாள். ஒவ்வொரு வருஷமும் ரெப்பேயின் நினைவுநாளுக்கு வந்தாள். தூரத்தில் அவள் தலைத்துணி தெரிந்ததுமே லெமெல் எதுவும் கேட்காமல் அதே கேள்வியை எழுதத் தொடங்கிவிடுவார்.