ஒரு கம்ப்யூட்டர், இரண்டு குடித்தனம்

"அக்கா, என் சாஃப்ட்வேரக் காணோம்!"

போன செவ்வாய்க்கிழமை காலையில் சுமதி போட்ட சத்தத்தில், கையிலிருந்த காபி என் புடவையில் கொட்டிவிட்டது.

சுமதி என் ஓரகத்தி, அதாவது கொழுந்தனாரின் மனைவி. பெரம்பலூரில் எங்கள் வீட்டு முன்னறையில் உட்கார்ந்து கல்யாணப் பத்திரிகை டிசைன் செய்து தருகிறாள். அதே கம்ப்யூட்டரில்தான் நான் இந்தப் பத்தியையும் அடிக்கிறேன்.

ஒரு கம்ப்யூட்டர், இரண்டு மருமகள்கள்... சும்மா இருக்குமா? நான் வைத்ததை அவள் நகர்த்துவாள். அவள் வைத்ததை நான் அழிப்பேன். கடைசியில் பாகம் பிரித்துக்கொண்டோம். ஒரே மெஷினில் இரண்டு விண்டோஸ்! ஆன் செய்ததும் எது வேண்டும் என்று கேட்கும். பழையது அவளுக்கு, புதியது எனக்கு.

புரோகிராம்களை மட்டும் பிரிக்கவில்லை. ஹார்ட் டிஸ்கில் இடம் குறைவு. "ஒரு வூட்டுக்கு எதுக்கு ரெண்டு கிரைண்டரு?" என்று நான்தான் யோசனை சொன்னேன். இரண்டு விண்டோஸிலும் இன்ஸ்டால் செய்யும்போது, இரண்டுக்கும் பொதுவான டி டிரைவில் ஒரே ஃபோல்டரைக் காட்டினோம். இரண்டு பக்கமும் ஜோராக ஓடியது. என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன்.

அவளுடைய டிசைன் சாஃப்ட்வேரை ஆசைக்கு என் பக்கமும் போட்டு வைத்திருந்தேன். ஒரு கோலம்கூட வரைந்ததில்லை. திங்கட்கிழமை சாயங்காலம் என் பக்கத்தைச் சுத்தம் செய்ய உட்கார்ந்தவள், அதை அன்இன்ஸ்டால் செய்துவிட்டேன். என் வீடு, என் துடைப்பம் — யாரைக் கேட்க வேண்டும்?

மறுநாள்தான் இந்த அலறல்.

முன்னறையில் லப்பைக்குடிக்காட்டிலிருந்து வந்த ஓர் அம்மா காத்திருந்தார். துபாயிலிருந்து லீவில் வந்திருக்கும் மகனுக்கு நிக்காஹ். பத்திரிகை மதியத்துக்குள் அச்சகம் போயாக வேண்டும். ஒரே ஒரு திருத்தம்தான் பாக்கி. மாப்பிள்ளையின் சாச்சா, அதாவது சித்தப்பா, பெயர் விட்டுப்போயிருந்தது.

"சாச்சா பேரு இல்லாம பத்திரிகை போச்சுன்னா, அவுக வூட்லேருந்து ஒருத்தரும் வரமாட்டாங்கம்மா" என்றார்.

சுமதி டி டிரைவைத் திறந்தாள். ஃபோல்டர் காலி! ஐகான் மட்டும் பழையபடி அவள் திரையில் உட்கார்ந்திருந்தது.

நான் திரையை எட்டிப் பார்த்தேன். "நான் எம் பக்கந்தான எடுத்தேன் சுமதி..."

"ஒங்க பக்கம், எம் பக்கமெல்லாம் பேருக்குத்தானக்கா? சாமான் ஒண்ணுதான இருந்துச்சு?"

இப்படிக்கூட நடக்குமா? என் வீட்டைப் பெருக்கினால் அவள் வீட்டுக் கிரைண்டர் காணாமல் போகுமா? பொதுவில் போட்டதில் என் பங்கை மட்டும் தூக்கி எறிய முடியாது என்பது இந்த வயதிலா எனக்குத் தெரிய வேண்டும்?

நல்லவேளை, டிசைன் ஃபைல் அவள் பக்கத்தில் பத்திரமாக இருந்தது. சாஃப்ட்வேரின் செட்டப்பும் அவள் பென்டிரைவில் இருந்தது. சொருகினாள். அந்த அம்மா துப்பட்டா நுனியைக் கையில் பிடித்தபடி திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பாதியில் இன்ஸ்டால் நின்றது. எந்த ஃபோல்டரில் போடட்டும் என்று கேட்டது.

சுமதி என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன்.

"தனியா!"

சாச்சா பெயர் ஏறி, பத்திரிகை மதியத்துக்குள் அச்சகம் போய்விட்டது. ஆனால் ஃபோல்டர் காலியானதைவிடப் பெரிய அதிர்ச்சி எனக்கு ஒன்று உண்டு — இந்த வீட்டுக்கு வாழ வந்த நாளிலிருந்து நாங்கள் இருவரும் ஒரே குரலில் சொன்ன முதல் வார்த்தை அதுதான்!