உடைக்காத கோலாக் கொட்டை

சுவிஸில், பாடன் போகும் ரயிலில் அண்மையில் இரண்டு நைஜீரியர்கள் தங்கள் நாட்டுத் தேர்தலைப் பற்றி உரக்க வாதாடினார்கள். இரண்டாயிரங்களின் தொடக்கத்தில், லாங்கன்தால் அகதி விடுதியின் பொதுச் சமையலறையில், ஞாயிறுதோறும் சிறுமியாக நான் கேட்ட சத்தம் அது.

விடுதியில் எங்களோடு இருந்த நைஜீரியர்கள், யொரூபா இனத்தவரான சேகுனும் இக்போ இனத்தவரான எமேக்காவும், அரசியலில் மோதிக்கொள்வார்கள். பிறகு எமேக்கா இக்போ மொழியில் பிரார்த்தித்து, அவர்கள் ஊரில் கூடும்போது பகிர்ந்துண்ணும் கசக்கும் கோலாக் கொட்டையை உடைத்து எல்லாருக்கும் தருவார். வேறு மொழி கொட்டைக்கு விளங்காதாம்.

"கொட்டைக்கும் காது இருக்கோ?" என்று அப்பா சிரிப்பார்.

"எங்கட பிள்ளையாருக்குச் சமஸ்கிருதம்தானே விளங்குது? சும்மா இருங்கோ," என்பார் அம்மா.

ஒரு மாரிகாலத்தில் எமேக்காவின் அகதி மனு நிராகரிக்கப்பட்டு, அவரைத் திருப்பி அனுப்பினார்கள். அடுத்த ஞாயிறு சேகுன் கொட்டையை மேசையில் வைத்தார், உடைக்கவில்லை. ஏனென்று அப்பா கேட்டார்.

"அவன் போய்ச் சேர்ந்ததாகத் தொலைபேசி வரட்டும்," என்றார் சேகுன்.

வசந்தத்தில் நாங்கள் விடுதியைவிட்டுக் கிளம்பியபோதும் அது முழுசாகவே கிடந்தது.