பின்னோக்கி நடந்த ஜெயசீலன்

மாதனூர் ஜெயசீலன் ஆம்பூர் ஷூ கம்பெனியில் தரம் பார்ப்பவர். குடி, சீட்டு எதுவும் கிடையாது. அவருக்கு இருந்தது வேறு வியாதி. ஆங்கிலச் சொல் ஒன்று காதில் விழுந்தால் அது எந்த ஊர், யார் வீட்டுப் பிள்ளை என்று விசாரிக்காமல் விடமாட்டார். கம்பெனி பஸ்ஸில் அவருக்குப் பக்கத்து இருக்கை எப்போதும் காலி.

"'மசில்'னா லத்தீன்ல சுண்டெலிடா. கைய மடக்கினா தோலுக்கடியில எலி ஓடற மாரி இருக்குதாம்" என்று ஒருநாள் சொன்னார். ஜிம்முக்குப் போகும் முஜாஹித் ஆம்பூர் வந்து சேரும்வரை தன் புஜத்தைத் திரும்பிப் பார்க்கவில்லை.

"இத்தத் தெரிஞ்சி இன்னாண்ணா பிரயோஜனம்?" என்று பேக்கிங்கில் இருக்கும் பிரிசில்லா கேட்டாள். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக் கடைப் பலகைகளைப் படிக்க ஆரம்பித்தார்.

ஆயுத பூஜை விடுமுறை முடிந்து மெஷின்கள் ஓடத் தொடங்கிய முதல் நாள். ஷூவுக்குள் காகிதம் திணித்துக்கொண்டிருந்த பிரிசில்லா கையை நிறுத்தினாள். உள்ளே, குதிகால் பக்கத்து வெள்ளைத் தோலில் சிவப்புக் கறை. அடுத்ததிலும் கறை. மதியம் சரக்கு பார்க்க வெளிநாட்டுக்காரர் வருகிறார்.

மேனேஜர் சுப்பராயன் வந்தார். எங்கள் ஊர்க் கம்பெனிகளின் நீதிமுறை எளிமையானது: கடைசியாக யார் கையில் இருக்கிறதோ, குற்றம் அவருடையது. சுப்பராயன் ஷூவைப் பார்த்தார். பிரிசில்லாவின் விரல்களைப் பார்த்தார். தங்கை கல்யாணத்துக்குப் போட்ட நெயில் பாலிஷ், அதே சிவப்பு.

"பைய எடுத்துக்கினு கெளம்பு. நாளைக்கு வர வேணாம்."

"சார், அது காஞ்சி நாலு நாளாவுது சார்!"

"எனக்கே கத சொல்றியா?"

ஜெயசீலன் குறுக்கே வந்தார். "சார், துப்புக்கு 'க்ளூ'ன்னு சொல்றோமே, ஆதியில அது நூல்கண்டு. குகைக்குள்ள போனவன் நூலப் பிடிச்சிக்கினே வந்த வழியில திரும்பி..."

"யோவ், பேஜார் பண்ணாத. ஆளு வாணியம்பாடி தாண்டிட்டாராம்."

"அவரு வர்றதுக்குள்ள பாத்துடறேன் சார்."

சுப்பராயன் மறுக்குமுன் அவர் நடக்க ஆரம்பித்துவிட்டார். மெருகு போடும் மேசையில் ஒரு ஷூவைப் புரட்டினார்: கறை. அடி ஒட்டும் இடத்தில்: கறை. பிரிசில்லா பையைத் தோளில் மாட்டியபடியே பின்னால் வந்தாள். தையல் பிரிவில் எடுத்த மேல்தோல் சுத்தமாக இருந்தது. இடையில் மிச்சம் ஒரே மெஷின்: குதிகால் பகுதியை இரும்பு அச்சில் மாட்டிச் சூட்டில் அழுத்துவது. அதை ஓட்டுகிறவன் முஜாஹித்.

ஜெயசீலன் ஒரு வெள்ளைத் தோல் துண்டை அச்சில் வைத்து அழுத்தினார். எடுத்தால் சிவப்பு வட்டம். பூஜைக் குங்குமம்.

"தொடைக்க மாட்டியாடா?" பின்னாலேயே வந்திருந்த சுப்பராயன் பாய்ந்தார்.

"பூஜப் பொட்டு தானா உதிரணும், யாரும் கை வைக்கக் கூடாதுன்னாங்க சார்."

"எவன் சொன்னது? அச்சுல போயி எவன் வச்சது?"

எல்லோருக்கும் தெரியும். மற்றவர்கள் மெஷினின் நெற்றியில் பொட்டு வைத்தபோது, இரும்பு பளபளப்பாக இருக்கிறது, போட்டோவில் நன்றாக விழும் என்று அச்சில் வைத்த மகான் ஒருவரே. சொற்களின் பூர்வீகம் அனைத்தும் அறிந்த ஜெயசீலனுக்கு அந்த நேரம் ஒரு சொல்லும் வரவில்லை. அவருக்கும் இரண்டு பிள்ளைகள். கேட்டில் கார் ஹாரன் கேட்டது.

"நீங்கதான் சார் வச்சீங்க" என்றாள் பிரிசில்லா. போகிற வேலை இன்னொரு முறையா போகும்?

முஜாஹித் சுவரைப் பார்த்தான். சுப்பராயன் சட்டைப் பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து, அச்சைத் தம் கையாலேயே அழுந்தத் துடைத்தார். பிறகு யாரையும் பார்க்காமல், "இன்னும் இன்னா நிக்கிற? பைய வச்சிட்டு கறை இல்லாதத பிரிச்செடு, போ" என்றார்.

பிரிசில்லா ஓடினாள்.

ஜெயசீலனை நிர்வாகம் மறக்கவில்லை. மறுவாரமே தோல் வெட்டும் முதல் மேசைக்கு மாற்றிவிட்டார்கள். அங்கிருந்து பின்னோக்கி நடந்தால் எந்த மேனேஜரும் வரமாட்டார், ஆடுதான் வரும்.