கேட்டுக்கு முன்னால் வெடித்த வண்டி

போன தீபாவளி சீசன் மும்முரமாக இருந்த நேரம். நாரணாபுரம் பக்கத்தில், நான் வேலை பார்க்கும் பட்டாசு ஆபீஸ் வாசலில் நடந்தது இது; பட்டாசுத் தொழிற்சாலையை எங்கள் பக்கம் ஆபீஸ் என்றுதான் சொல்வோம். இதை எழுத உட்காரும்போதே எனக்கு ஆத்திரம் வருகிறது, என்ன செய்ய!

என் வீட்டுக்காரர் சிவகாசியில் ஒரு அச்சகத்தில் மெஷின் ஓட்டுகிறார். அவரிடம் ஒரு பைக் உண்டு. எங்கள் கல்யாணத்துக்கு முன்னாலேயே கிழடு தட்டிப்போன வண்டி. பெற்ற பிள்ளையைக்கூட மனுஷன் அப்படிக் குளிப்பாட்டித் துடைத்ததில்லை. சில மாதங்களாக அதன் ஓட்டம் சரியில்லை. மெதுவாகப் போனால் இருமும், மேட்டில் திணறும், ஆக்சிலேட்டரை விட்டால் சைலன்சரில் 'டப் டப்' என்று வெடிக்கும். பிளக்கை மாற்றினார், கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவினார். ஒன்றும் கேட்கவில்லை. "பழைய வண்டின்னா அப்படித்தான்" என்று எனக்கே பாடம் எடுப்பார்.

தினமும் ரோட்டு முனையிலேயே என்னை இறக்கிவிடுவார். அங்கிருந்து நடந்துதான் போவேன். அன்றைக்கு மழைத் தூறல். "நனையாதே" என்று கேட் வரைக்கும் ஓட்டிவிட்டார். வேகத்தைக் குறைத்தார், பாருங்கள்... 'டமார்' என்று ஒரு சத்தம்!

ஊருக்கெல்லாம் சத்தம் செய்து அனுப்புகிற எங்களுக்கு, சத்தம் என்றால் ஓடு என்றுதான் அர்த்தம். என்ன ஏது என்று பார்க்கக் கூடாது, கையில் இருப்பதைப் போட்டுவிட்டு ஓட வேண்டும். அதற்குத்தான் ஒவ்வொரு ரூமுக்கும் இத்தனை வாசல். அத்தனை பெண்களும் வெறுங்காலோடு அலறிக்கொண்டு வெளியே ஓடிவந்தார்கள். எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வேலை செய்கிறவள் சேற்றில் வழுக்கி, கையை ஊன்றி விழுந்தாள். மணிக்கட்டு முறிந்துவிட்டது. தன் அக்காவை ஒரு வெடிவிபத்தில் பறிகொடுத்தவள் அவள்.

என் வீட்டுக்காரர் சிரிக்கிறார். "ஏத்தா, வண்டிதான்! இதுக்கா இம்புட்டு ஓட்டம்?"

அவர் சிரித்ததும் நாலைந்து பேர் சேர்ந்து சிரித்தார்கள். கன்னத்தில் ஒன்று விட்டிருப்பேன், ஊர் பார்க்கிறதே என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். சாவியைப் பிடுங்கி இடுப்பில் செருகிக்கொண்டு, அவளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன்.

ஞாயிற்றுக்கிழமை அவரை வண்டியைத் தள்ளவிட்டே பட்டறைக்கு அழைத்துப் போனேன். மறுபடி வெடிக்காது என்று தெரியாமல் அந்தக் கேட்டுக்குள் எந்த முகத்தோடு போவது? மெக்கானிக் வழக்கம்போல பிளக்கில் கையை வைத்தார். எனக்குப் பொத்துக்கொண்டு வந்தது.

"அதைத்தான் மாத்தி மாத்திப் பாத்தாச்சே! இது எப்பத் தொடங்குச்சுன்னு ஒரு தடவையாவது கேட்டீகளா?"

மெக்கானிக் இவரைப் பார்த்தார். இவர் வானத்தைப் பார்த்தார். மெக்கானிக்குக்கு என்ன தோன்றியதோ, சைலன்சரின் பின்பக்கத்தைக் கழற்றி உள்ளே டார்ச் அடித்தார்.

"அண்ணே, சத்தத்த அடக்குற குழாய் உள்ள இருக்கணுமே, எங்க?"

"அது வந்து... சத்தம் கொஞ்சம் கம்பீரமா வரட்டும்னு விருதுநகர்ல ஒரு பட்டறையில..."

குழாய் போனதும் புகை தாராளமாக வெளியேறியிருக்கிறது. அதனால் பெட்ரோலும் காற்றும் கலக்கிற கணக்கு குலைந்து, எஞ்சினில் சரியாக எரியாத பெட்ரோல் சைலன்சருக்குள் போய் வெடித்திருக்கிறது. இதைச் சொல்லாமல் மறைத்துவிட்டுத்தான் இத்தனை மாதம் கோளாறு தேடினாராம்! குடித்ததை மறைத்துவிட்டு வயிற்றுவலி என்று டாக்டரிடம் போய் நிற்கிற கதைதான்.

"பட்டாசு ஆபீஸுக்கு நடுவுல குடியிருந்துக்கிட்டு, வெடிச்சத்தம் உங்களுக்குக் கம்பீரமா இருக்கா?" என்று நான் போட்ட சத்தத்தில் பக்கத்து டீக்கடையே எட்டிப் பார்த்தது. பார்க்கட்டும்.

வேறு குழாய் போட்டு, கார்புரேட்டரைத் திருத்தியதும் வண்டி அமைதியாக ஓடியது. அவர் முகத்தில் நிம்மதி. விடுவேனா? நேராகக் கை முறிந்தவள் வீட்டுக்குக் கூட்டிப்போனேன். கையில் மாவுக்கட்டோடு உட்கார்ந்திருந்தாள்.

"தெரியாம நடந்துருச்சும்மா. வண்டியச் சரி பண்ணிட்டேன், இனிமே வெடிக்காது" என்றார்.

அவள் திட்டவில்லை. "கை கூடிரும்ணே. வெறும் வண்டிச் சத்தத்துக்கு ஓடுனேன்னு எல்லாரும் சிரிச்சாகல்ல? இனி ஒரு சத்தம் கேட்டா, வண்டியா இருக்குமோன்னு ஒரு நிமிசம் நின்னுருவேனே, அதுக்கு என்ன செய்ய?"

 

கை சேர்ந்து இப்போது அவள் மறுபடி வேலைக்கு வருகிறாள். ரோட்டில் எந்த வண்டியாவது டப்பென்று வெடித்தால், அவள் யோசிப்பதற்குள் அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நான் ஓடிவிடுகிறேன். யார் சிரித்தாலும் சரி, வண்டியா வெடியா என்று வெளியே நின்று பார்த்துக்கொள்ளலாம்.